போர்வெல்லுக்குள் விழுந்தால்: ஹேமர், ராடு, மோட்டார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றி இருபது வருஷத்துக்கு மேலாக, போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஓடியவன் நான். ஹெல்பராகச் சேர்ந்தேன், டிரில்லர் ஆனேன், இப்போது போருக்குள் விழுந்ததை எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் பார்க்கிறேன். தோப்புக்காரர்கள், வீடு கட்டுகிறவர்கள், ரிக்கில் இருக்கும் தம்பிகள் என்று யார் போன் பண்ணினாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பல நேரம் கேட்பதற்கு முன்பே எதையாவது செய்து பார்த்துவிடுகிறார்கள். சுலபமாக வந்திருக்க வேண்டியது அதோடு வராமல் போய்விடுகிறது. அதனால்தான் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போதுதான் உள்ளே விழுந்தது. முதலில் என்ன செய்வது?

வேலையை நிறுத்துங்கள். கம்பி, கொக்கி, கயிற்றில் கட்டிய காந்தம், எதையும் உள்ளே இறக்காதீர்கள். போர் வாயைத் தகடு போட்டு மூடுங்கள். தகடு இல்லாவிட்டால் வாயைவிட அகலமான பலகை போதும்.

அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள். மணி என்ன, எத்தனை ராடு (ஒன்றோடொன்று மாட்டி உள்ளே இறக்கும் இரும்புக் குழாய்) உள்ளே இருந்தது, எத்தனை மேலே வந்தது, கேசிங் (சுவர் சரியாமல் துளைக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, விழுந்த பொருளின் நீளம் எவ்வளவு, மேல்முனை எப்படி இருக்கும். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் டிரில்லர் ஒரு கணக்குச் சொல்வார், ஹெல்பர் வேறு கணக்குச் சொல்வார். இருபது அடி வித்தியாசம் வந்துவிட்டால் நான் கருவியை எங்கே நிறுத்துவது?

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ராடு கழன்று விழவில்லை, ஓட்டும்போது மாட்டிக்கொண்டது என்றால் கம்ப்ரசரை நிறுத்தவே கூடாது. 6½ அங்குலத் துளை ஒரு அடி இறங்கினால் ஆறு லிட்டருக்கு மேல் பாறை பொடியாகிறது. எடையில் சுமார் 17 கிலோ. அந்தப் பொடியை மேலே தூக்கிக்கொண்டு வருவது காற்றுதான். காற்றை நிறுத்திய அடுத்த நொடி, ராடுக்கும் சுவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்த பொடி அத்தனையும் இறங்கி ஹேமரின் (ராடின் அடியில் காற்றழுத்தத்தால் பாறையை அடிக்கும் கருவி) தோளில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரும் சேர்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். டீசல் தீரும் நிலை என்றால் முதலில் டீசலுக்கு ஆள் அனுப்புங்கள், எனக்கு அப்புறம் போன் பண்ணலாம்.

என்னென்ன விழும்?

ஓட்டும்போது போவது பிட் (ஹேமரின் முனையில் பாறையை உடைக்கும் தலை), ஹேமர், ராடு. மோட்டார் இறக்கும்போதும் ஏற்றும்போதும் போவது மோட்டார், பைப், கேபிள், கிளாம்பு, ஸ்பேனர், போல்ட்டு. இதில் பெரிய சாமானைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது சின்னதுதான். காரணம் கீழே வருகிறது.

புது ஹேமர், புது ராடு. எப்படிக் கழன்று விழும்?

புதுசு என்பதால் மரை தேயாது என்று நினைக்காதீர்கள். மரையில் கிரீஸ் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டினால் புது ராடும் பழைய ராடு ஆகிவிடும். நான் பார்த்தவரையில் காரணங்கள் இவை.

ராடு எல்லாம் வலப்பக்கம் சுற்றினால் இறுகுகிற மரை. துளை போடும்போது சுற்றுவதும் வலப்பக்கம்தான், அதனால் ஓட்ட ஓட்ட இறுகிக்கொண்டே வரும். மாட்டிக்கொண்டதும் பதற்றத்தில் ஒரு நிமிஷம் இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள் பாருங்கள், அங்கேதான் கழல்கிறது. இடப்பக்கம் திருப்பாதே என்று ஹெல்பராகச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு பெரியவர் சொன்னார். நானும் என்னிடம் சேர்ந்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, பிட் பாறையில் அழுத்தமாக உட்காராமல் லேசாகத் தூக்கிய நிலையில் ஹேமர் அடித்துக்கொண்டிருப்பது. பாறைக்குள் போக வேண்டிய அடி திரும்பி பிட்டின் கழுத்திலும் மரையிலும் ஏறுகிறது. கழுத்தில் மயிரிழை அளவு வெடிப்பு விழும். இன்றைக்கு உடையாது, மூன்றாவது போரில் உடையும். அன்றைக்கு யார் ஓட்டினாரோ அவர் தலையில் பழி விழும்.

ஹேமர் உடைகிற சத்தம் தனி. ஒரே சீராக 'தட தட தட' என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று மந்தமாகும், ராடு பாரமில்லாமல் சுற்றும், கம்ப்ரசரின் பிரஷர் முள் கீழே இறங்கும். அந்த மூன்றும் ஒன்றாக நடந்தால் கை தானாக லீவரை நிறுத்த வேண்டும். இன்னும் ரெண்டு அடி பார்ப்போம் என்று ஓட்டினால், கழன்று கிடக்கும் ஹேமரின் மரையை மேல் ராடு அரைத்துத் தீர்த்துவிடும். அப்புறம் எந்தக் கருவியும் அதைக் கவ்வாது.

சிங்கம்புணரிப் பக்கம் எடுத்துக் கொடுத்தவர் காரைக்குடியில் முடியாது என்கிறார். ஏன்?

அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். செட்டிநாடு பார்க்க ஒரே செம்மண் பூமியாகத் தெரியும், அடியில் ரெண்டு தேசம்.

மேற்கே சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் கடினப் பாறை. பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து கோயில் எடுத்திருக்கிறார்களே, குன்றக்குடியில் மலை நிற்கிறதே, பூமிக்குக் கீழேயும் அந்த மாதிரிப் பாறைதான். அங்கே ஹேமர் வண்டிதான் வேலை செய்யும். துளையின் சுவர் கெட்டியாக நிற்கும், விழுந்தது விழுந்த இடத்திலேயே இருக்கும். ஒரு மாதம் கழித்து வந்தாலும் தேட முடியும். அங்கே பயம் பாறை வெடிப்புகள்தான். பொந்து மாதிரி அகன்ற இடத்தில் ராடு சாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால், மேலிருந்து இறக்கும் கருவி பக்கத்தில் உரசிக்கொண்டு கீழே போய்விடும்.

கிழக்கே காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வர வர மணற்கல், களி, மணல், மேலே செம்புராங்கல். நம் ஊரணிகளின் படிக்கட்டிலும் சுவரிலும் இருக்கும் அதே கல்தான். சம்பை ஊற்றுத் தண்ணீரைக் காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இந்த மண்ணின் புண்ணியத்தால்தான். மணற்கல் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் அதில் போட்ட துளை தானாக நிற்காது. சேறு கலந்து விட்டு, அந்தச் சேற்றின் கனத்தால் சுவரைத் தாங்கிக்கொண்டுதான் ரோட்டரி வண்டி (ஹேமர் இல்லாமல் சுற்றியே துளைப்பது) ஓடுகிறது. கேசிங் இறங்குவதற்கு முன் ராடு விழுந்தால் நேரம் நமக்கு எதிரி. சேற்றுப் பம்பு நின்றால் சுவர் சரியும். ராடை அசைக்காமல் விட்டால் சேற்றின் அழுத்தமே அதைச் சுவரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாறை ஊரில் ரெண்டு நாள் யோசிக்கலாம், இங்கே ரெண்டு மணி நேரம்கூட யோசிக்க முடியாது.

உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

இப்போது போர் கேமரா இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் டி.வி.யில் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். கலங்கிய தண்ணீரில் கேமரா வெறும் பழுப்பைத்தான் காட்டும்.

அந்த மாதிரி நேரத்தில் நான் இன்னும் சோப்பைத்தான் நம்புகிறேன். துணி துவைக்கும் பார் சோப்பை லேசாகச் சூடாக்கி, ஒரு பைப்பின் வாய்க்குள் திணித்து, முகத்தைச் சமமாகச் சீவி வைத்துக்கொள்வேன். ராடின் முனையில் மாட்டி மெதுவாக இறக்கி, பொருளின் மேல் ஒரே ஒரு தடவை உட்கார வைத்து, திருப்பாமல் அப்படியே மேலே எடுப்பேன். சோப்பு முகத்தில் அச்சு விழுந்திருக்கும். முழு வட்டம் என்றால் ராடு நேராக நிற்கிறது. பிறை மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் வளைவு என்றால் சாய்ந்து சுவரில் ஒட்டியிருக்கிறது. வட்டத்துக்குள் வரி வரியாகத் தெரிந்தால் மரை உயிரோடு இருக்கிறது. வெறும் கோடு ஒன்று குறுக்கே இருந்தால், மேலே வேறு ஏதோ விழுந்து மூடியிருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளில் இதையே ஈயக் கட்டி வைத்துச் செய்வார்கள். அச்சைப் பார்க்காமல் கருவியைத் தேர்ந்தெடுக்கிற ஆளிடம் உங்கள் போரைக் கொடுக்காதீர்கள்.

சரி, எப்படி எடுப்பீர்கள்?

எங்கள் அப்பத்தா வீட்டுப் பின்கட்டில் ஒரு பாதாளக் கரண்டி தொங்கும். வளையத்தைச் சுற்றிக் கொக்கி கொக்கியாக இருக்கும், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க. தெருவில் யார் கேட்டாலும் கொடுப்பார், ஆனால் பதிலுக்கு ஒரு சொம்பை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். திரும்பி வராமல் போய்விடக் கூடாது என்று. அந்தக் கரண்டி எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் என் தொழில் பாதி புரிந்துவிடும். வாளிக்குக் காது இருக்கிறது, கொக்கி அதில் மாட்டும். காது இல்லாத குடம் விழுந்தால் அதே கரண்டி திணறும். விழுந்த பொருளில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ராடு கழன்று விழுந்தால், உள்வாய் இருக்கிறது. கூம்பு மாதிரிக் கூர்மையாக, பல் வெட்டிய டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றை இறக்கி வாய்க்குள் விட்டு வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் அது தானே மரை வெட்டிக்கொண்டு இறுகும். உள்வாய் சிதைந்திருந்தால் வெளியிலிருந்து கவ்வ வேண்டும். மணி மாதிரி வாய் விரிந்த குழாய் ராடை விழுங்கிக்கொண்டு வெளிப்பக்கத்தில் பல் பதிக்கும். 4½ அங்குல ராடு 6½ அங்குலத் துளையில் இருந்தால் சுற்றிலும் ஒரு அங்குலம் இடம் கிடைக்கும், போதும். ஹேமரைச் சுற்றி அரை அங்குலம்தான் கிடைக்கும், அதற்கு மெல்லிய சுவர் உள்ள கருவி வேண்டும், அது கிழியும் அபாயமும் உண்டு. பிட்டின் தலை துளையின் முழு அகலத்துக்கும் இருப்பதால் வெளியிலிருந்து பிடிக்க இடமே கிடையாது. கழுத்து மிச்சம் இருந்தால்தான் உண்டு.

பிடித்த பிறகு இழுப்பது பலத்தால் மட்டும் நடக்காது. 20 அடி ராடு ஒன்று ஏறத்தாழ 100 கிலோ, 400 அடி என்றால் வெறும் ராடே 2 டன். அதற்கு மேல் மண்ணின் பிடிப்பு. காற்றோ தண்ணீரோ உள்ளே விட்டு, பொடியைக் கிளப்பி, அரை அடி ஏற்றி, அரை அடி இறக்கி, மறுபடி ஏற்றி, சில நேரம் ஒரு ராத்திரி முழுக்க இதையே செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். "ஒரே இழுவையாக இழுங்கப்பா" என்பார். ஒரே இழுவையாக இழுத்துப் பிட்டை மட்டும் கீழே விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

காந்தம் போட்டால் வராதா?

சின்ன இரும்புச் சாமான் வரும். ஆனால் கேசிங் இரும்பாக இருந்தால் காந்தம் இறங்கும் வழியிலேயே அதில் ஒட்டிக்கொள்ளும், கீழே போவதே பாடு. பிளாஸ்டிக் கேசிங்கில் பிரச்சினை இல்லை. எவர்சில்வர் உடம்புள்ள மோட்டாரைக் காந்தம் பெரும்பாலும் பிடிக்காது.

ஒரு ஸ்பேனர்தானே விழுந்தது, அடியில் போய்க் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

வெறும் போரில் விழுந்து, அடியில் நாற்பது ஐம்பது அடி வெற்று ஆழம் இருந்தால் விடலாம். மோட்டார் உள்ளே இருக்கும்போது விழுந்தால் விடவே கூடாது. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

கல்லல் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ராத்திரியில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு பையன், பத்தொன்பது வயசு இருக்கும், கிளாம்பு போல்ட்டை முறுக்கும்போது எண்ணெய்க் கையிலிருந்து ரிங் ஸ்பேனர் வழுக்கிப் போருக்குள் போய்விட்டது. ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. டூல்பாக்ஸிலிருந்து வேறு ஸ்பேனர் எடுத்து வேலையை முடித்துவிட்டான்.

மோட்டார் எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தது, வெளியே எடுக்கக் கூப்பிட்டார்கள். நாற்பது அடி சுலபமாக வந்தது. பாறைத் துளையிலிருந்து கேசிங்குக்குள் நுழையும் விளிம்பில் நின்றுவிட்டது. ஸ்பேனர் அத்தனை நாளும் பம்பின் தோளில் படுத்திருந்திருக்கிறது. 6½ அங்குலத் துளையில் 6 அங்குல வகை மோட்டார் போனால் ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் சந்து. ஸ்பேனரின் தடிமனும் ஏறக்குறைய அதுதான். ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டது. நான் போவதற்குள் செயின் பிளாக் போட்டு இழுத்திருந்தார்கள். கேசிங் விரிசல் விட்டு மண் உள்ளே கொட்டிவிட்டது. கேமராவில் அந்த ஸ்பேனரின் வளையம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. மோட்டார் போயிற்று, பைப் போயிற்று, நல்ல தண்ணீர் கிடைத்த போரும் போயிற்று.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பையன் என்னிடம் வந்து தானாகவே சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். முந்தின மாதம் பைப் ரெஞ்சைத் தொலைத்த இன்னொரு பையனுக்குச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் பைப்பை அப்படியே பிடித்து நிறுத்தி, காந்தத்தை ஓரமாக விட்டு அரை மணி நேரத்தில் எடுத்திருக்கலாம். அது பிளாஸ்டிக் கேசிங் வேறு. ஒரு ஸ்பேனரின் விலை என்ன, அந்தப் போரின் விலை என்ன? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அப்படியென்றால் விழுந்ததற்கு யார் பணம் கட்டுவது?

வீட்டுக்காரருக்கும் ரிக்காரருக்கும் நடுவில் என்றால் வேலை தொடங்கும் முன் பேசியதுதான் கணக்கு. நம் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அடிக்கு இத்தனை ரூபாய், கேசிங்குக்கு இத்தனை என்பதோடு சரி. துளை போடும்போது ஹேமர் போனால் ரிக்காரர் பொறுப்பு, ஆனால் போருக்கு அதுவரை ஆன அடிக்கூலி யார் பொறுப்பு, பக்கத்தில் புதுத் துளை போட்டால் கேசிங் யார் தருவது, இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆச்சி ஒருவர் பால் கணக்கு எழுதும் நோட்டில் இதை எழுதி வாங்கியிருந்தார். பிரச்சினை வந்தபோது அந்த ஒரு பக்கம்தான் ரெண்டு தரப்பையும் சண்டை போடாமல் காப்பாற்றியது.

வேலை செய்யும் பையன் சம்பளத்தில் பிடிப்பது வேறு விஷயம். அவனிடம் ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், அவனுடைய கவனக்குறைவால்தான் போனது என்று இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவன் தரப்பைக் கேட்க வேண்டும், நட்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி இது. சட்டம் இருக்கட்டும், தொழில் கணக்காகவே சொல்கிறேன். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, நம் பக்கம் வரும் வண்டிகளில் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள்தான் பாதிக்கு மேல். பாஷை தெரியாத ஊரில் ராத்திரியும் பகலும் நிற்கிற பையன், கையிலிருந்து எது விழுந்தாலும் உடனே கத்தும்படி அவனை வைத்திருக்க வேண்டும். நான் ஓட்டிய வண்டியில் விழுந்ததைச் சொன்னவனுக்கு அன்றைக்குத் திட்டு கிடையாது. அந்த ஒரு பழக்கத்தால் எத்தனை போர் தப்பியது என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் பைப்போடு அறுந்து விழுந்துவிட்டது. கயிறு கட்டியிருக்கிறோம். இழுக்கலாமா?

கயிற்றைத் தொட்டுப் பாருங்கள், இழுக்காதீர்கள். கயிறு பாதுகாப்புக்காகக் கட்டியது, மோட்டாரை மட்டும் தாங்கும். பைப்புக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் அதன் கனம், மேலே சுருண்டு விழுந்த கேபிள், எல்லாம் சேர்ந்து வேறு கணக்கு. கேபிள்தான் பெரிய வில்லன். அறுந்த கேபிள் மோட்டாரின் தலைக்கு மேல் சுருள் சுருளாக விழுந்து கிடக்கும். கீழிருந்து இழுத்தால் அந்தச் சுருள் பந்தாகி அடைத்துக்கொள்ளும். முதலில் கேபிளைக் கொக்கியால் தனியாகக் கோர்த்து மேலே எடுக்க வேண்டும், அப்புறம்தான் பைப்பைப் பிடிக்க வேண்டும்.

பைப் ஏன் அறுகிறது என்றும் கேட்கிறார்கள். இரும்பு பைப் என்றால் மரை வெட்டிய இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. காரைக்குடியில் துருவைப் பற்றியும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது, 1953-லிருந்து நடக்கிறது, அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் எனக்கு இதை உட்கார வைத்து விளக்கினார். பிளாஸ்டிக் பைப் என்றால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முறுக்கு, ஜாயின்ட்டில் ஏறி ஏறி ஒருநாள் விட்டுவிடும். கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

டீசல், கழிவு ஆயில் ஊற்றினால் வழுக்கி வந்துவிடும் என்கிறார்களே?

ஊற்றாதீர்கள். வழுக்கவும் வழுக்காது, தண்ணீரும் கெடும். உங்கள் போரிலிருந்து பக்கத்து வீட்டுப் போருக்கும் போகும், ஒரே நீரோட்டம்தானே. நுரை வேண்டுமென்றால் துளை போட உபயோகிக்கும் நுரைக் கரைசல் இருக்கிறது, அது கழுவினால் போய்விடும்.

எப்போது விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது?

உள்ளே இருப்பதன் இன்றைய மதிப்பு எவ்வளவு? வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், தேய்ந்த ஹேமருக்குத் தேய்ந்த விலைதான். பக்கத்தில் புதுத் துளை போட எவ்வளவு ஆகும்? இந்த ரெண்டையும் கூட்டி, அதில் பாதியை எடுக்கும் செலவு தாண்டினால் நான் நிறுத்தச் சொல்வேன். ஏன் பாதி? எடுக்க முடியாமலும் போகலாம் அல்லவா. ஆனால் அந்தப் போரில் நல்ல தண்ணீர் வந்திருந்தால் கணக்கு மாறும். பக்கத்தில் பத்தடி தள்ளிப் போட்டால் அதே தண்ணீர் வரும் என்று பாறை ஊரில் யாரும் சத்தியம் பண்ண முடியாது. மணற்கல் பக்கம் அந்தக் கவலை குறைவு.

விட்டுவிட்டு வருவது கேவலம் என்று டிரில்லர்கள் நினைக்கிறார்கள். ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் உலகத்திலேயே ஆழமான துளையைப் போட்டார்கள், 1970-ல் தொடங்கியது. 1984-ல் 12 கிலோமீட்டர் தாண்டியபோது ராடு அறுந்து 5 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ளேயே தங்கிவிட்டது. அரசாங்கப் பணம், பெரிய பெரிய விஞ்ஞானிகள் இருந்தும் அதை எடுக்க முடியவில்லை. 7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பக்கவாட்டில் ஒதுங்கி மறுபடி துளைத்துக்கொண்டு போனார்கள். 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். 5 கிலோமீட்டர் ராடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் மகன் எண்ணெய் ரிக்கில் வேலைக்குப் போகிறான். அங்கேயும் இப்படித்தானா?

வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. நரிமணம் மாதிரி காவிரிப் படுகைக் கிணறுகளில் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வளைகுடாவிலும் இருக்கிறார்கள். உள்ளே விழுந்ததை அங்கே மீன் என்றே சொல்வார்கள், எடுப்பது மீன்பிடிப்பு. அதற்கென்றே தனி ஆட்கள் வருவார்கள். ஆழம் கிலோமீட்டர் கணக்கில் போகும், கடலில் நிற்கும் ரிக்கின் ஒருநாள் வாடகையே நம் ஊர் வீட்டு விலையைத் தாண்டும், அதனால் முடிவை வேகமாக எடுப்பார்கள். விழுந்த கருவிக்கு என்ன விலை, பழசுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும்.

ஒன்றுதான் முற்றிலும் வேறு. பாறையின் அடர்த்தியையும் அதிலுள்ள நுண்துளைகளின் அளவையும் அளக்கக் கேபிளில் இறக்கும் சில கருவிகளில் சீசியம்-137, அமெரிசியம்-பெரிலியம் மாதிரி கதிரியக்கப் பொருள் இருக்கும். அது உள்ளே மாட்டினால் குத்தி எடுக்க முயலவே கூடாது, உடைந்தால் சேறெல்லாம் விஷம். உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எடுக்கவே முடியாவிட்டால் அந்த இடத்திலேயே சிமெண்ட் போட்டு மூடுவார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் அந்த சிமெண்டில் சிவப்புச் சாயம் கலக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிற்காலத்தில் தெரியாமல் துளைக்கிற ஆளுக்குச் சிவப்புப் பொடி மேலே வந்ததும் நிறுத்தத் தோன்றும் அல்லவா. பையனிடம் சொல்லி அனுப்புங்கள், அங்கேயும் கையிலிருந்து ஒரு போல்ட்டு விழுந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விட்டுவிட்ட போரை என்ன செய்வது?

அன்றைக்கே மூடுங்கள். இதில் நாளைக்கு என்ற பேச்சே வேண்டாம். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் விழுந்த குழந்தையை நாம் எல்லாரும் டி.வி.யில் பார்த்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தோம். குழந்தை உயிரோடு வரவில்லை. அந்த நாலு நாளும் நான் வேலைக்குப் போகவில்லை. உள்ளே விழுந்ததை எடுக்கிற தொழில் பார்க்கிறவனுக்கு அதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது: கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், துளைக்கும்போது வந்த பொடி, எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். உபயோகத்தில் இருக்கும் போருக்குக் கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை, வாயில் வெல்டிங் வைத்த தகடோ போல்ட்டு போட்ட மூடியோ வேண்டும். சாக்கு கட்டுவதும் கல்லைத் தூக்கி வைப்பதும் மூடி ஆகாது. ஹேமர் போன துக்கத்தில் ரிக்காரர் ராத்திரியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், வீட்டுக்காரர் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். அந்த ஒரு ராத்திரிதான் எனக்குப் பயம். துளை போட்ட பொடி பக்கத்திலேயே குவிந்து கிடக்கும், அதைத் திருப்பி உள்ளே தள்ளினால் முடிந்தது வேலை.

ராத்திரியில் உங்களைக் கூப்பிடலாமா?

எந்த நேரமும் கூப்பிடலாம். ராத்திரிதான் அதிகம் விழுகிறது, எல்லாரும் அசந்திருக்கும் நேரம். கூப்பிடும்போது ஊர், கேசிங் இரும்பா பிளாஸ்டிக்கா, எத்தனை அடி ஆழம், காற்று ஓடுகிறதா நின்றுவிட்டதா, இந்த நாலையும் சொல்லுங்கள். எத்தனை ராடு உள்ளே இருக்கிறது என்று தெரியவில்லையென்றால் குழம்ப வேண்டாம். வண்டியில் மொத்தம் எத்தனை ராடு வந்தது என்று டிரைவருக்குத் தெரியும். டார்ச் அடித்து, மேலே அடுக்கியிருப்பதை எண்ணிச் சொல்லுங்கள்.